ஜெயித்தவர் கைக் குழம்பு

தூண்டில் மன்றத்துப் பிள்ளைகளுக்கு வணக்கம். வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்து, பழைய போட்டோ ஒன்றைப் போட்டு, ஆளுக்கு ஒரு நினைவு எழுதுங்கள், அடுத்த மாதம் எல்லோரும் கூடும்போது படிக்கலாம் என்று கேட்டீர்கள். மூன்று வாரமாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவர் பஸ்ஸில் ஓடிய பாட்டுகளை எழுதியிருக்கிறார். ஒருவர் ஆற்று மணலில் தொலைத்த செருப்பைப் பற்றி உருகியிருக்கிறார். "அந்தக் காலத்தில் சாதியாவது ஒன்றாவது, எல்லோரும் ஒரே குடும்பம்" என்று வாத்தியார் மகள் எழுதியதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பி வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் நானும் எழுதுவதென்று முடிவு செய்தேன். எனக்கும் தலைக்குச் சாயம் பூசுகிற வயது வந்துவிட்டது. இனி யாருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது?

நான் டர்னர் மகள். கடைசி நீள சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவேனே, அவள்.

உங்கள் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டப்போவதாகச் சொன்னதால் முதலிலிருந்தே சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் சூலூரில் ஒயின்ஷாப்பை ஒட்டி ஒரு பார் இருந்தது. தகரக் கூரை, சிமெண்ட் மேசை, அவித்த சுண்டல் வாசம். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மீன் பிடிக்கிற பைத்தியம். பார் நடத்தியவருக்கு அவர்களைவிடப் பெரிய பைத்தியம். அவருடைய மச்சினனுக்குச் சத்தியமங்கலம் தாண்டிப் பவானி ஆற்றங்கரையில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, முகப்பில் மஞ்சள் துணி பேனரைக் கட்டி, இருபத்தைந்து முப்பது பேரை அங்கே ஓட்டிப்போவார். அதுதான் தூண்டில் மன்றம்.

குடித்துவிட்டு ஆற்றில் விழப்போகிறார்கள் என்று எல்லார் வீட்டிலும் சண்டை. அதற்குப் பார்க்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். மன்றத்துக்காரர் ஆளுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டி வர வேண்டும், மீனை எடை போட்டு முடிக்கும்வரை ஒருவரும் பாட்டிலைத் திறக்கக் கூடாது. "கொழந்தைய கைல புடிச்சுட்டுப் போனா ஊட்ல ஒரு வார்த்த பேச மாட்டாங்க, பாருங்க" என்றாராம். நாம் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். நம் அப்பாக்களின் யோக்கியதைக்கு நம்மை ஜாமீனாகக் கொண்டு போனார்கள்.

என் அப்பா ஒரு பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிற டர்னர். எங்கள் வீடு காலனியில். எந்தக் காலனி என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். என் தாத்தா உங்களில் ஒருவருடைய தாத்தா தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். அவருக்குக் கொட்டாங்குச்சியில்தான் தண்ணீர். என் அப்பா படித்து, ஐ.டி.ஐ. முடித்து, சைக்கிளில் கம்பெனிக்குப் போனவர். அவர் உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வரலாம். இரண்டு தலைமுறையில் அவ்வளவு முன்னேற்றம்.

பார்க்காரரின் போர்வெல் மோட்டார் ஒருமுறை இறுகிப்போய், மெக்கானிக்குகள் கைவிட்ட பிறகு, அப்பா ஷாஃப்டைக் கடைந்து கொடுத்து ஓட வைத்தார். அன்றிலிருந்து அவருக்கு பாரில் மற்றவர்களோடு ஒரே மேசை. "பாட்டிலுக்குச் சாதி ஏதுங்க" என்று பார்க்காரர் அடிக்கடி சொல்வார். அங்கே எல்லோரும் என் அப்பாவை "வாங்க டர்னரே, உக்காருங்க" என்பார்கள். ஊருக்குள் அவரைவிடப் பத்து வயது சின்னவன்கூடப் பேர் சொல்லி "வாடா" என்று கூப்பிடுகிற காலம் அது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் யார் யார் தன்னை எப்படி வாங்க என்றார்கள் என்று அம்மாவிடம் ஒப்பிப்பார்.

அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "வாங்கன்னாங்க, செரி. ஊட்டுக்குள்ளயா கூப்பிட்டாங்க?" என்பாள்.

"உனக்கு எதச் சொன்னாலும் குத்தந்தான்" என்று அப்பா எழுந்து போய்விடுவார். அம்மா மேலே எனக்குக் கோபமாக வரும்.

அந்த வருஷம் தையிலிருந்து வைகாசி வரை ஐந்து முறை போனோம். எனக்குப் பத்து வயது. அப்பா சனிக்கிழமையே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிடுவார். கடலைப் புண்ணாக்கை இடித்து, மைதா சேர்த்து, கொஞ்சம் பெருங்காயம் போட்டுப் பிசைந்து இரை உருட்டுவார். மண்புழு தனி டப்பாவில். தூண்டிலுக்கான ஈயக் குண்டை எல்லோரும் கடையில் வாங்குவார்கள், அப்பா கம்பெனி பித்தளைத் துண்டை லேத்தில் கடைந்து சொட்டு மாதிரி செய்து வைத்திருந்தார். தக்கைக்கு மயிலிறகுக் காம்பு, அதன் நுனியில் அம்மாவின் சிவப்பு நகப்பூச்சு. எல்லாமே ஒரு பழைய பல்பொடி டப்பாவுக்குள் அடங்கிவிடும். வீடு மாறியபோது அந்த டப்பா எங்கே போனதென்று தெரியவில்லை, எத்தனையோ தடவை பரணில் தேடியிருக்கிறேன்.

பஸ் பார் வாசலில் புறப்பட்டு, கருமத்தம்பட்டி ரோட்டில் காலனி முக்கில் கடைசியாக எங்களுக்காக நிற்கும். நாங்கள் ஏறும்போது கடைசி சீட்டு மட்டும்தான் மிச்சம் இருக்கும். ஸ்பீட் பிரேக்கரில் அது தூக்கிப் போடும், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வேண்டுமென்றே எங்களுக்காக அதை விட்டுவைக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பொன்றும் இல்லை.

புளியம்பட்டி தாண்டினால் காற்று மாறும். சத்தி வந்து, ஆற்றுப்பாலம் கடந்து, தோப்புக்குள் பஸ் நுழைந்ததும் தென்னமட்டை கூரையில் உரசும் சத்தத்துக்கு நாம் எல்லோரும் ஒரே குரலில் கத்துவோமே, ஞாபகம் இருக்கிறதா? ஈரச் சேற்று வாசம், கட்டுச்சாதம் பிரிக்கிற வாழையிலை வாசம், டீசல் வாசம் எல்லாம் கலந்து வரும். சந்தோஷமாக இருந்தேன் என்பதை நான் மறுக்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் அதிகமாக எரிகிறது.

அப்பாவுக்குத் தண்ணீரைப் படிக்கத் தெரியும். கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கால் மணி நேரம் சும்மா பார்ப்பார். எங்கே குமிழி வருகிறது, எந்தக் கோரை அசைகிறது என்று பார்த்துவிட்டு ஒரே ஒரு இடத்தில் போடுவார். தை மாதம் முதல் பயணத்தில் மூன்று கிலோ ரோகு ஒன்று பிடித்து இரண்டாம் பரிசு வாங்கினார். பார்க்காரர் அவருக்குத் துண்டு போர்த்தினார். அந்தத் துண்டால் அம்மா நெடுநாள் எனக்குத் தலை துவட்டினாள்.

மாசி மாதப் பயணத்தில் எடை போடும்போது தகராறு வந்தது. தறிப்பட்டறைக்காரர் மீனின் வாய்க்குள் கல்லைத் திணித்துவிட்டார் என்று வாத்தியார் சொல்ல, இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். உருட்டிப் புரட்டி விலக்கிவிட்ட பிறகு பார்க்காரர் நடுவில் நின்று ஒரு சட்டம் போட்டார்.

"இன்னிமேலு ஜெயிச்சவரு அவரு மீன அவரு கையாலயே கொழம்புல போடோணுமுங்க. அவரு கையாலயே எல்லாருக்கும் பரிமாறோணும். கை நனச்சவங்களுக்குள்ள பக நிக்காதுங்க. என்ன சொல்றீங்க?"

எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கூட வந்த சமையல்காரர் வறுத்த மீனைத் தட்டில் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என் அப்பாவின் தூண்டிலில் ஜிலேபி மீன் மட்டும்தான் மாட்டியது. உள்ளங்கை அகலத்தில், முள்ளு முள்ளாக, பூனைக்குப் போடுகிற மீன். எடை போடும் வரிசையில் அவர் நான்கைந்து ஜிலேபிகளைக் கோர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பார். "என்னங்க டர்னரே, ஆறு முழுக்க இருக்கற ஜிலேபிக்கெல்லாம் உங்களத்தான் புடிக்குமாட்ட இருக்குது" என்று எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஜிலேபி என்று பேர் வைத்தீர்கள். அந்தப் பேரை வைத்தவர் இப்போது நம் குழுவின் அட்மின், தினமும் காலையில் பூப்படத்தோடு நல்வாழ்த்து அனுப்புகிறார்.

பங்குனியில்தான் அதைக் கண்டேன். கோரைப் புதருக்குப் பின்னால் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். தூண்டில் மூங்கில் வில்லாக வளைந்திருந்தது. என் முழங்கை நீளத்துக்கு ஒரு மீனைக் கரைக்கு இழுத்து, வாயிலிருந்து முள்ளைப் பதமாக எடுத்து, இரண்டு கையாலும் தண்ணீருக்குள் வைத்து விட்டுவிட்டார். அது போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எதுக்குங்கப்பா உட்டுப்போட்டீங்க?" என்று அலறினேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "செனை மீன் கண்ணு. வவுத்துல முட்ட இருக்குது. பாவமல்ல?"

நம்பினேன். அன்றைக்கே இன்னொன்றும் சினையாக இருந்தது. சித்திரைப் பயணத்தில் அவர் கைக்கு வந்த பெரிய மீன்கள் எல்லாமே சினைதான். ஆற்றில் ஆண் மீனே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்தச் சித்திரையில் ஒன்றைத் திருப்பி விட நேரம் இருக்கவில்லை, கோரைக்கு அப்பால் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது. வாத்தியார் பக்கத்திலேயே தூண்டிலைப் போட்டுவிட்டு, தூக்கம் சொக்கி மரத்தில் சாய்ந்திருந்தார். அப்பா அந்த மீனை அவருடைய வாளியில் போட்டு, அவரைத் தட்டி எழுப்பினார். "வாத்தியாரே, உங்க தூண்டில்ல மாட்டி இழுத்துட்டு இருந்துச்சுங்க, நாந்தான் எடுத்துப் போட்டேன்." வாத்தியார் வாளியைப் பார்த்தார், தன் தூண்டிலைப் பார்த்தார். அவருடைய தக்கை அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. பிறகு என் அப்பாவைப் பார்த்து, "அப்படிங்களா" என்றார். அவர் கெட்டிக்காரர், கணக்கு வாத்தியார் வேறு.

அன்று வாத்தியாருக்கு முதல் பரிசு. அவர் கையால் எங்களுக்குக் குழம்பு ஊற்றினார். தான் பிடித்த மீனை இன்னொருவர் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என் அப்பா, "நல்லா இருக்குதுங்க வாத்தியாரே" என்றார். வாத்தியார் மகளே, உன் அப்பா வாங்கிய அந்தக் கோப்பை இன்னும் உங்கள் வீட்டு ஷோகேசில் இருப்பதாக எழுதியிருந்தாய். பத்திரமாக வைத்துக்கொள்.

எனக்கு அப்பா மேலேதான் ஆத்திரம். கோழை என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனம் இருந்தும் வேண்டுமென்றே தோற்கிற ஒருவரைப் பத்து வயதில் எப்படிப் புரிந்துகொள்வது? எல்லோரும் சமம் என்று நீங்கள் சொன்னதை நானும் நம்பியிருந்தேன். நம்பாதவர் அப்பா ஒருவர்தான். நம்பாமலே உங்களோடு வந்துகொண்டிருந்தார்.

வைகாசி நடுவில் ஐந்தாவது பயணம். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம். ஆற்றில் தண்ணீர் குறைந்து பாறை தெரிந்தது. நான் அன்று அப்பாவை விட்டு நகரவில்லை. பதினோரு மணி வாக்கில் மயிலிறகுத் தக்கை ஒரேயடியாக உள்ளே போனது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். கால் மணி நேரம் இழுத்தும் விட்டும் அலைந்தார், வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்து போயிற்று. கரையோரம் வந்தபோது பார்த்தேன். கட்லா. அந்தத் தலையே என் தலை அளவு இருந்தது. அப்படி ஒரு மீனை அந்த மன்றத்தில் அதற்கு முன் யாரும் பிடித்ததில்லை.

அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது. உடனே அது போய்விட்டது. குனிந்து அதன் வாயில் கை வைத்தார். சினை என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் அப்பாவைக் கெடுத்தேன்.

"எங்கப்பா புடிச்சுட்டாரு! எல்லாரும் ஓடியாங்க! எங்கப்பா பெரிய மீன் புடிச்சுட்டாரு!"

ஓடி வந்தார்கள். நீங்கள் எல்லோரும் ஓடி வந்தீர்கள். தராசில் மாட்டியபோது ஏழரைக் கிலோ. உண்மையைச் சொல்ல வேண்டும், எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தறிப்பட்டறைக்காரர் விசில் அடித்தார். பார்க்காரர் அப்பாவுக்குத் துண்டு போர்த்தி, "அடேங்கப்பா டர்னரே, இத்தன நாளு எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். நான் உங்கள் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் போய் நின்று பார்த்தேன். ஜிலேபி என்று யாரும் சொல்லவில்லை.

சமையல்காரர் மீனை வெட்டிக் கழுவி முடித்தார். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மல்லி வறுத்து அரைத்த வாசம் தோப்பு முழுக்க. அப்போதுதான் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். யார் கையால் போட வேண்டும் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா முந்திக்கொண்டார். "எனக்குக் கைல முள்ளு குத்தீருச்சுங்க. சமையல்காரரே போடட்டுங்க, அதனால என்ன."

பார்க்காரர் முகம் தெளிந்தது. "அதுவுஞ் செரிதானுங்க..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல!" என்று நான் நடுவில் போய் நின்றேன். "எங்கப்பாதான் போடோணும். ஜெயிச்சவங்கதான் போடோணும்னு நீங்கதான சட்டம் போட்டீங்க? வாத்தியாரு போட்டாரல்ல? எங்கப்பா கைல முள்ளே குத்தல, நான் பாத்தேன்."

அந்த இருபத்தைந்து பேரில் ஒருவராவது உண்மையைச் சொல்லியிருந்தால், "உங்கப்பன் கையால நாங்க திங்க மாட்டோம்" என்று சொல்லியிருந்தால், எனக்கு அன்றைக்கே புரிந்திருக்கும். அப்படியெல்லாம் சொல்லிவிடுவார்களா? கொங்கு நாட்டு மரியாதை. பார்க்காரர் என் தலையைத் தடவி, "ஆமா அம்மணி, சட்டம்னா சட்டந்தான். போடுங்க டர்னரே" என்றார்.

அப்பா கையைக் கழுவினார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். பிறகு ஒவ்வொரு துண்டாக எடுத்துக் குழம்பில் போட்டார்.

இலை போட்டாயிற்று. யாரும் உட்காரவில்லை. "எனக்கு வவுத்துப் புண்ணுங்க, மீனு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு" என்றார் தறிப்பட்டறைக்காரர். "மறந்தே போச்சு பாருங்க, இன்னிக்குக் கிருத்திகை" என்றார் வாத்தியார். காலையில் அவர் நான்கு வறுத்த மீனைத் தின்றதை நான் பார்த்திருந்தேன். ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்குப் பசியில்லை, ஒருவர் வீட்டில் விரதம். பார்க்காரர் மட்டும், "எல்லாரும் சாப்புட்டாத்தானுங்க நான் சாப்புடுவேன், எனக்குப் பொறவு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூம் பக்கம் போனார். எல்லோருமே "ங்க" போட்டுத்தான் சொன்னார்கள். ஒரு கடுஞ்சொல் இல்லை.

அப்பா கரண்டியைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

உங்களில் ஒருத்தர் வந்து இலைக்கு முன் உட்கார்ந்தீர்கள். பசித்திருக்கும், சின்னப் பிள்ளைதானே. அப்பா குனிந்து ஒரு பெரிய துண்டை எடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து உங்கள் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டது. "வெய்யல்ல உக்காந்தா சேராது, வா கண்ணு." நிழலில்தான் இலை போட்டிருந்தது. அது யார் என்று இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருந்தால் போதும்.

பஸ் டிரைவர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கியிருந்தவர் எழுந்து வந்து, காலியான இலைகளையும் நின்றுகொண்டிருந்தவர்களையும் பார்த்தார். உட்கார்ந்து, "அண்ணே, எனக்குத் தல வேணும்" என்றார். அப்பா தலையை வைத்தார். அவர் உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்ட சத்தம் மட்டும் கேட்டது. நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போதும் புரியவில்லை. இரண்டாவது தடவை குழம்பு வாங்கினேன். "சூப்பரா இருக்குதுங்கப்பா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். அப்பா, "சாப்புடு கண்ணு, நல்லாச் சாப்புடு" என்றார். அவர் உட்காரவே இல்லை.

புறப்படும்போது பார்க்காரர் வந்தார். "கொழம்பு வீணாகப்போகுதுங்க. பாத்தரத்தோட ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க டர்னரே. உங்க பக்கம் எல்லாருக்கும் குடுக்கலாம்." சமையல்காரர் உடனே, "பாத்தரமும் கரண்டியும் எனக்குத் திருப்பி வேண்டாமுங்க" என்றார். அப்பா இரண்டு கால்களுக்கும் நடுவே பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் குழம்பு அவருடைய வெள்ளைச் சட்டையில் தெறித்தது. பஸ்ஸில் பாட்டு ஓடியது. எந்தப் பாட்டு என்று நீங்கள் பட்டியலிட்டிருக்கிறீர்கள், சரியாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் வீட்டு வாசலில் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்ததும் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரே பார்வையில். "ஏனுங்க, இத்தன நாளு சூதானமாத்தான இருந்தீங்க? யாரு கேட்டா உங்கள ஜெயிக்கச் சொல்லி?" என்று அழ ஆரம்பித்தாள்.

அப்பா என்னைப் பார்க்காமல், "எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. ஒரு ஆசைல தூக்கிப்போட்டேன்" என்றார்.

நான் தூணோரம் நின்றிருந்தேன். நான்தான் கத்தினேன் என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, பிறகு அம்மா இருந்தவரைக்கும் சொல்லவில்லை. அந்தக் குழம்பைக் காலனியில் எல்லா வீட்டிலும் சாப்பிட்டார்கள். அம்மா மட்டும் தொடவில்லை.

வேலைக்குப் போய் வெகுகாலம் கழித்து, அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தபோது ஒருநாள் கேட்டேன். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்தும் எதற்காகப் போனீர்கள் என்று. "மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம கண்ணு. ஆத்தங்கரைல நாலு பேரு வாங்க உக்காருங்கன்னு சொல்றாங்க. அதுக்கு நாலு மீன உட்டா என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். தோற்றுக்கொண்டே இருந்தால் கூட வைத்துக்கொள்வார்கள் என்று அவர் நினைத்தது தப்புக் கணக்கு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்தக் கணக்கையும் கலைத்தவள் நான்.

வைகாசியோடு மன்றம் நின்றுவிட்டது என்று உங்களில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். நிற்கவில்லை. ஆனி மாதமும் போனீர்கள். எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே அப்பா எழுந்து இரை உருட்டினார். சட்டையில் குழம்புக் கறை போகவில்லை, அதனால் கம்பெனிக்குப் போடுகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். "வேண்டாமுங்க" என்றாள் அம்மா. "வர வேண்டாம்னு யாரும் சொல்லலியே" என்றார் அப்பா. வாஸ்தவம்தான். யாரும் சொல்லவில்லை. வந்து நேராகச் சொல்வதற்கு அவர்களுக்குக் கூச்சம்.

காலனி முக்கில் நாங்கள் இருவரும் நின்றோம். பஸ் வந்தது. மஞ்சள் பேனர் தூரத்திலேயே தெரிந்தது. அப்பா தூண்டில் மூங்கிலைக் கைமாற்றிக்கொண்டு, "வாரனுங்க, வாரனுங்க" என்று ரோட்டுக்கு இறங்கினார். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். எங்களைப் பார்த்தார், வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. உள்ளேயிருந்து யாரோ தகரத்தைப் படபடவென்று தட்டி, "ரைட், ரைட், போலாம் போலாம்" என்றார்கள். வண்டி கிளம்பிவிட்டது.

ஜன்னல் ஜன்னலாக நீங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கை ஆட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டு பதிலுக்கு ஆட்டினேன். பஸ் வளைவில் திரும்பும்வரை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.